டூப்ளிகேட் களைய எது தோது? கோவிடென்ஸ், ரய்யான், ஜொட்டேரோ, எண்ட்நோட்

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தரவுத்தளத்தில் ஒரு பழைய கட்டுரையின் பக்க எண் 1123-9 என்று வரும். எம்பேஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் அதே கட்டுரைக்கு 1123-1129. பப்மெட் தலைப்பின் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி ஒட்டியிருக்கும், மற்றதில் இருக்காது. எழுதியவர் நம்ம ஊர்க்காரராக இருந்துவிட்டால் கூத்து இன்னும் கூடும். கிருஷ்ணன் மகன் சுப்பிரமணியன் ஓரிடத்தில் 'சுப்பிரமணியன் கே' என்றும் இன்னோரிடத்தில் 'கிருஷ்ணன் எஸ்' என்றும் பதிவாகியிருப்பார். பார்த்ததும் நமக்குப் புரிந்துவிடும், மென்பொருளுக்குப் புரியாது. போதாததற்கு, மருத்துவச் சோதனைகளைத் திரட்டும் காக்ரேன் அமைப்பின் சென்ட்ரல் தரவுத்தளம் தன் பதிவுகளில் பெரும்பகுதியை பப்மெட், எம்பேஸ் இரண்டிலிருந்தும்தான் எடுத்துக்கொள்கிறது. ஒரு கேள்விக்கான ஆய்வுகள் அனைத்தையும் முறைப்படி தேடித் தொகுக்கும் சிஸ்டமேட்டிக் ரிவியூவுக்காக மூன்றிலும் தேடுபவருக்கு ஒரே கட்டுரை மூன்று முறை வந்து நிற்பது சாதாரணம்.

எந்த மென்பொருள் அதிக டூப்ளிகேட்டைக் கண்டுபிடிக்கிறது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எதை நீக்கியது என்று அது எனக்குக் காட்டுகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். தப்பித்து நின்ற டூப்ளிகேட் ஸ்கிரீனிங்கில் (தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துத் தேர்ந்தெடுக்கும் கட்டம்) அரை நிமிடம் தின்னும், அவ்வளவுதான். தவறாக நீங்கிய கட்டுரை யார் கண்ணிலும் படாமல் போய்விடும். எனக்கே ஒருமுறை நடந்தது. மாநாட்டில் வாசித்த சுருக்கமும் பிறகு வந்த முழுக் கட்டுரையும் ஒரே தலைப்பு, ஒரே ஆசிரியர்கள், ஒரே ஆண்டு. சுருக்கம் தங்கிவிட்டது, முழுக் கட்டுரை போய்விட்டது. வேறொரு ரிவியூவின் மேற்கோள் பட்டியலைத் தற்செயலாகப் புரட்டியபோதுதான் தெரிந்தது. எந்த மென்பொருள் என்பது இருக்கட்டும். மொத்தமாகத் தேர்ந்து டெலிட் அடித்தது என் விரல்தான்.

கோவிடென்ஸில் கோப்பை ஏற்றியதுமே டூப்ளிகேட் நீக்கமும் நடந்து முடிந்துவிடும், தனியாகப் பொத்தான் தேட வேண்டாம். (பெயரைக் கேட்டதும் கோவிட் ஞாபகம் வரும், ஆனால் பெருந்தொற்றுக்கு முன்பே வந்த மென்பொருள் இது.) நீக்கியவை தனிப் பட்டியலில் இருக்கும். தவறென்றால் அங்கிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எத்தனை பதிவு வந்தது, எத்தனை நீங்கியது என்று ரிவியூவில் காட்டும் பிரிஸ்மா படத்துக்கான எண்ணிக்கையும் கூடவே ஏறிவிடும். 2020 பிரிஸ்மா, ஸ்கிரீனிங்குக்கு முன் நீக்கிய டூப்ளிகேட் எத்தனை என்று தனிக் கட்டத்தில் கேட்பதால் இது பெரிய உதவி. ஒரு சூட்சுமம்: முதலில் ஏற்றிய பதிவுதான் தங்கும், பின்னால் வந்ததுதான் டூப்ளிகேட் ஆகும். ஆகவே அப்ஸ்ட்ராக்ட் முழுமையாக உள்ள தரவுத்தளத்தை முதலில் ஏற்றுங்கள். குறை என்றால் சந்தாக் கட்டணம். கல்லூரி வாங்கித் தராவிட்டால் தனிஆளாக வாங்குவது கையைக் கடிக்கும்.

கத்தாரில் பிறந்த ரய்யான் இதற்கு நேர் எதிர். கண்டுபிடி என்று நாம் சொன்னால்தான் தேடும். சந்தேகப்படும் பதிவுகளை ஒத்துப்போகும் சதவீதத்தோடு அடுக்கிக் காட்டும். எதை நீக்குவது, எது டூப்ளிகேட்டே இல்லை என்று பொதுவாக நாம்தான் தீர்க்க வேண்டும். சில நூறு பதிவுகளுக்கு எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும். ஐயாயிரம் பதிவு என்றால் மதியத்துக்குள் கண் பூத்துவிடும், கை தன்பாட்டுக்கு டெலிட்டை அழுத்த ஆரம்பிக்கும். நீளப் பட்டியலில் இந்த அலுப்புதான் ஆபத்து. இலவசமாகத் தொடங்கலாம் என்பதால் முதுநிலை மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து சேர்கிறார்கள்.

மேற்கோள்களைச் சேர்த்துவைக்கும் ஜொட்டேரோ மென்பொருள் இலவசம். டூப்ளிகேட்டுக்கென்று தனி அடுக்கே வைத்திருக்கிறது. இங்கே நடப்பது இணைப்பு: இரு பதிவுகளின் குறிச்சொற்களும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஏற்றும்போதே 'பப்மெட்', 'ஸ்கோபஸ்' என்று குறிச்சொல் போட்டுவைத்தால், எந்தக் கட்டுரை எங்கெல்லாம் கிடைத்தது என்ற தடம் கடைசிவரை கூடவே வரும். ஆனால் ஒவ்வொரு தொகுதியாகத்தான் இணைக்க முடியும். ஒன்று இதழ்க் கட்டுரை, இன்னொன்று மாநாட்டுக் கட்டுரை என்று வகை மாறியிருந்தால் இணைக்க மறுத்துவிடும். எனக்கு அது நல்லதாகவே படுகிறது. மேலே சொன்ன விபத்து இங்கே நடந்திருக்காது.

அதே வகையைச் சேர்ந்த எண்ட்நோட் காசு கேட்கும், பழகவும் நாளாகும். ஆனாலும் மருத்துவ நூலகர்கள் அதை விடுவதில்லை, காரணமும் உண்டு. எந்தெந்தப் புலங்களை (தலைப்பு, ஆண்டு, பக்க எண் போன்றவை) ஒப்பிடுவது என்று நாமே மாற்றிக்கொள்ளலாம். 2016இல் ராட்டர்டாம் எராஸ்மஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த பிராமரும் குழுவினரும் இதை வைத்தே ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒப்பிடும் புலங்களை மாற்றி மாற்றிச் சலிப்பதுதான் அதன் சாரம். பக்க எண்ணும் அதில் முக்கியப் புலம். முதல் வரியில் சொன்ன 1123-9 சிக்கலை அவர்கள் சரிசெய்த பிறகே சலிக்கத் தொடங்குகிறார்கள்.

இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இதுதான். பதிவு ஆயிரத்துக்குள் என்றால் நேராக ரய்யான். அதைத் தாண்டினால் ஜொட்டேரோவிலோ எண்ட்நோட்டிலோ சலித்துவிட்டு ஸ்கிரீனிங்குக்குக் கொண்டுபோங்கள். கோவிடென்ஸ் கையில் இருந்தால் அதுவே போதும், நீக்கிய பட்டியலை ஒருமுறை மேலோட்டமாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள். எதுவானாலும் இறக்கிய மூலக் கோப்புகளைத் தொடாமல் தனி ஃபோல்டரில் வையுங்கள். நான் வைக்கவில்லை, மறுபடி தேடி இறக்க வேண்டி வந்தது.

காக்ரேன் ரிவியூக்களிடம் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். புதுப்பித்த பதிப்புக்குப் பெரும்பாலும் பழைய தலைப்பே இருக்கும். டிஓஐ-யின் (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) வாலில் பப்2, பப்3 என்று இருப்பதுதான் வித்தியாசம். அதேபோல ஒரே சோதனையின் ஓராண்டு முடிவும் ஐந்தாண்டு முடிவும் டூப்ளிகேட் ஆகாது, ஒரே ஆய்வின் இரண்டு அறிக்கைகள் அவை. இரண்டையும் வைத்துக்கொண்டு, சோதனைப் பதிவு எண்ணைப் பார்த்து முழுக் கட்டுரை படிக்கும் கட்டத்தில் ஒன்றாகக் கட்டுங்கள்.