நத்தை பார்க்க வாங்கிய ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்

மன்னார்குடி பக்கம் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். மழை ஓய்ந்து மாடுகள் வாய்க்கால் ஓரம் மேயத் தொடங்கிய பிறகு, தாடைக்குக் கீழே நீர் கோத்து, கழிச்சலோடு, எலும்பும் தோலுமாக மாடுகள் வரத் தொடங்கும். சாணத்தில் தட்டைப்புழுவின் (மாட்டின் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வாழும் தட்டையான புழு) முட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சாதாரண மைக்ரோஸ்கோப்பே போதும். ஆனால் மாட்டுக்கு நோய் முற்றிய பிறகுதான் அதில் பதில் கிடைக்கும். எந்தக் குட்டையில் மாட்டை இறக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமானால் நத்தையைத்தான் பார்க்க வேண்டும். தட்டைப்புழு நத்தைக்குள் பெருகி, செர்க்கேரியா என்ற நீந்தும் குஞ்சுப் புழுவாக வெளியே வருகிறது. மாட்டுக்குத் தொற்றுவது இதனால்தான். அந்தச் செர்க்கேரியாவைப் பார்ப்பதற்காகவே சொந்தக் காசில் இந்த ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பை வாங்கினேன். ஹரியானாவின் அம்பாலா ஊர்த் தயாரிப்பு, 20 மடங்கு, 40 மடங்கு என இரண்டு உருப்பெருக்கம், மேலும் கீழும் எல்இடி விளக்கு. கூரியரோடு சேர்த்து 12,000 ரூபாய் ஆனது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது விளக்குதான். பழைய ஹாலஜன் விளக்கு வைத்த கருவிகளில் கண்ணாடித் தட்டு கொஞ்ச நேரத்திலேயே சூடாகிவிடும். ஸ்பூன் அளவு தண்ணீர்தானே, சூடு உடனே ஏறும். நத்தை விஷயத்தில் இது சின்னச் சங்கதி இல்லை. ஓரளவு வரை, தண்ணீர் சூடாக ஆக நத்தை அதிகமாகப் புழுவை விடும். வெளியே வந்த புழுவோ அதே சூட்டில் சீக்கிரம் செத்துப்போகும். செர்க்கேரியா எதையும் தின்பதில்லை. உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து தீரும்வரைதான் அதற்கு உயிர். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஆக, விளக்கே தண்ணீரைச் சூடாக்கினால் நாம் பார்ப்பது குட்டையின் கதையா, விளக்கின் கதையா என்று தெரியாது. இந்த எல்இடியை நெடுநேரம் எரியவிட்டாலும் தட்டு தொடுவதற்குக் குளிர்ச்சியாகவே இருக்கிறது.

20 மடங்கில் காட்சி அருமை. இண்டோபிளானார்பிஸ் என்ற தட்டைச் சுருள் நத்தையை இரவு முழுக்க இருட்டில் வைத்து, காலையில் ஒரு குப்பிக்கு ஒன்றாக, குளோரின் போன தண்ணீரில் போட்டு வெளிச்சம் காட்டுவேன். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாறும்போதுதான் பல வகைப் புழுக்கள் கிளம்பும். இரைப்பைத் தட்டைப்புழுவின் செர்க்கேரியா கறுத்து, தடித்து, இரண்டு கண்புள்ளிகளோடு இருக்கும். வெறுங்கண்ணுக்கே தூசி நகர்வதுபோலத் தெரியும். ரத்தத் தட்டைப்புழு வேறு மாதிரி. உடம்பு மெல்லியது, வால் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். துடித்து நீந்தும், சட்டென்று நின்றுவிடும், நீர்ப்பரப்பை ஒட்டித் தொங்கும், மறுபடி துடிக்கும். இதே நத்தையிலிருந்து வரும் ஒரு வகைதான் மாட்டின் மூக்கில் சதை வளரவைத்துக் குறட்டை விடவைப்பது. ஆழம் தெரியும்படி இரண்டு கண்ணாலும் பார்ப்பதால், புழு மேலே தொங்குகிறதா அடியில் கிடக்கிறதா என்று இந்தக் கருவியில் பளிச்சென்று புரிகிறது.

நடவுக்குப் போகும் ஒரு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுதானா சார் எங்க காலை அரிக்க வைக்குது?" என்று கேட்டார். ஆமாம், மாட்டுக்கான புழு ஆள் தெரியாமல் மனிதத் தோலில் நுழைந்து அங்கேயே செத்துப்போகும், அந்த அரிப்புதான் அது என்றேன். அவர் இன்னொரு முறை குனிந்து நெடுநேரம் பார்த்தார். இந்தக் கருவிக்கு நான் கொடுத்த காசு அந்த நிமிடத்துக்கே தகும்.

குறைகள் உண்டு. கீழ் விளக்கின் வெண்மை கண்ணைக் கூசுகிறது, மெல்லிய புழுக்கள் அதில் கரைந்துவிடுகின்றன. தட்டுக்கு அடியில் கறுப்புத் தாள் வைத்து மேல் விளக்கைச் சாய்வாக அடித்தால் வால் வரை தெளிவாகத் தெரியும். ஃபோகஸ் திருகு தானாக இறங்குகிறது, அதை ஒரு முறை இறுக்க வேண்டியிருந்தது. அப்புறம், செல்போன் பொருத்த வழியே இல்லை. பிளவு வாலைப் படம் எடுத்துக் காட்டினால் நம்பும் விவசாயிகள் இருக்கும்போது இது பெரிய குறைதான்.

எவ்வளவு நல்ல லென்ஸ் இருந்தாலும், புழு தெரியவில்லை என்பதால் நத்தை சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. மார்கழிக் குளிரிலும் மூடாப்பு நாளிலும் நத்தையிலிருந்து புழு வரத்து குறையும். நத்தைக்குள் புழு இன்னும் முதிராமலும் இருக்கலாம். நேரமும் முக்கியம். கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் மனிதர்களைத் தாக்கும் ரத்தத் தட்டைப்புழுவை ஆராய்ந்தார்கள். மனிதர்களிடையே சுழலும் இடங்களில் அது முற்பகலில் வெளிவருகிறது. எலிகளிடையே சுழலும் இடங்களில் அதே இனம் மாலையில் வெளிவருகிறது. எலி நடமாடும் நேரம் அது. அதனால் காலையில் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், சாயங்காலமும் பாருங்கள். ஈரல் தட்டைப்புழுவைச் சுமக்கும் லிம்னியா நத்தை என்றால் குப்பிக்குள் ஒரு பாலிதீன் துண்டைப் போட்டு வையுங்கள். அந்தச் செர்க்கேரியா நீந்திக்கொண்டே இருக்காது, சீக்கிரம் எதிலாவது ஒட்டி உறை கட்டிக்கொள்ளும். பாலிதீனில் ஒட்டிய உறைகள் 40 மடங்கில் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெரிகின்றன.

புதிதாக வாங்கும் தம்பி தங்கைகள் எல்இடி விளக்கா, லென்ஸுக்கும் தட்டுக்கும் நடுவே குப்பி நுழைய இடமிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். 40 மடங்குக்கு மேல் காசு போட வேண்டாம். மிச்சப் பணத்தில் கண்ணாடிக் குப்பிகளும் ரப்பர் கையுறையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிளவு வால் புழு தோலைத் துளைத்து நுழையச் சில நிமிடங்களே போதும்.