நாரி நோவுக்கு 85,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். வன்னி உறவுகளே, கவனம்!

வயிறு எரிகிறது. ஆறிய பிறகு எழுதலாம் என்று விட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன். சியாட்டிக்கா, அதாவது நாரியிலிருந்து காலுக்கு ஓடும் நரம்பு நோவு வந்தால் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் கிளிநொச்சியில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் பரந்தனில் ஒருவருக்குச் சிமெந்துப் பை இறக்கிக் கொடுத்தபோது நாரியில் சுரீர் என்றது. இரண்டு நாளில் நோவு நாரியை விட்டு இறங்கி, வலது தொடையின் பின்புறமாகக் கெண்டைக்கால் வரை மின்சாரம் போல ஓடத் தொடங்கியது. தும்மினால் உயிர் போகும். கிரவல் வீதியில் ஒரு ஹயர் போய்வந்தால் இறங்கி நிமிர முடியாது.

அந்த நேரத்தில்தான் கைபேசியில் ஒரு காணொளி வந்தது. வெளிநாட்டில் படித்த கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருப்பும் முறை) நிபுணராம், சத்திரசிகிச்சை இல்லாமல் சியாட்டிக்கா குணமாம். ஏ9 வீதியோரம் வாடகை வீட்டில் நடக்கும் நிலையம். அதன் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

அவர் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, இரண்டு குதிகளையும் சேர்த்துப் பிடித்தார். "அக்கா, வந்து பாருங்கள், அண்ணாவுக்கு வலது கால் அரை அங்குலம் கட்டை" என்றார். மனைவி குனிந்து பார்த்தாள். உண்மையாகவே கட்டையாகத்தான் தெரிந்தது. இடுப்பை ஒரு திருப்புத் திருப்பினார், டக் என்று சத்தம். மீண்டும் குதிகளைச் சேர்த்துக் காட்டினார். இரண்டும் சரிசமம். மனைவி கண்கலங்கிவிட்டாள். அந்த இடத்தில்தான் நாங்கள் விழுந்தோம். "எலும்பு விலகி நரம்பை நெரிக்கிறது, 12 தடவையில் இருந்த இடத்துக்கு வந்துவிடும். 120,000 ரூபாய், இன்றே முழுவதும் கட்டினால் 85,000" என்றார். லீசிங் தவணைக்கு வைத்திருந்த காசோடு மனைவியின் காப்பையும் அடைவு வைத்து 85,000 ரூபாயையும் அன்றே கட்டினோம்.

மூன்றாம் தடவை பக்கவாட்டில் படுக்க வைத்து, தன் முழுப் பாரத்தையும் என் முழங்காலில் போட்டு முறுக்கினார். அன்றிரவு நோவு பெருவிரல் வரை இறங்கியது. விடிய எழுந்து நடந்தால் வலது கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது. பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்க முடியவில்லை. பிரேக்கில் வைத்த காலை எடுக்க முடியாதவன் எப்படி ஆட்களை ஏற்றி வண்டி ஓட்டுவது?

அழைத்தேன். "நோவு கூடுவது நல்ல அறிகுறி அண்ணா, நரம்பு திறக்கிறது" என்றார். மறுநாள் ஒரு பிள்ளை எடுத்து "சேர் கொழும்பில்" என்றது. அதன்பின் "அடுத்த கிழமை பார்ப்போம்." நேரில் போய் மீதி ஒன்பது தடவைக்கான காசையாவது கேட்டேன். பற்றுச்சீட்டைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள். "உடற்பயிற்சிக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது. சிகிச்சை என்ற சொல்லே அதில் இல்லை. 85,000 ரூபாய்! இப்போது என் எண்ணையும் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

முந்தநாள் அரசாங்க வைத்தியசாலைக்குப் போனேன். ஒரு சதம் கேட்கவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை நீட்டியபடி உயர்த்திப் பார்த்தார்கள், பெருவிரலைத் தூக்கச் சொன்னார்கள், சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார்கள். இது எதையும் அந்த "நிபுணர்" செய்யவில்லை. நாரிப் பகுதி முள்ளந்தண்டின் எல்4, எல்5 எலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துகிறது போலிருக்கிறது என்று ஸ்கானுக்கு எழுதித் தந்தார்கள். பெரும்பாலானோருக்கு இந்த நோவு 6 முதல் 12 கிழமைக்குள் சத்திரசிகிச்சை இல்லாமலே தணிந்துவிடுமாம். டக் என்பது எலும்பு இடத்தில் விழும் சத்தமே இல்லை, மூட்டு நீரில் உண்டாகும் வாயுக் குமிழியின் சத்தமாம். கால் கட்டை கதையைச் சொன்னேன். பிசியோதெரபி அறையில் இருந்த தங்கச்சி என் குதிகளைப் பிடித்து, அதே கட்டையையும் அதே சமத்தையும் தன் கையாலேயே காட்டினார். பிடிக்கிற விதந்தான் எல்லாம்.

கைரோபிராக்டிக் முழுவதும் பொய் என்று நான் சொல்லவில்லை. 1895இல் அமெரிக்காவில் தொடங்கிய முறை அது. சில நாடுகளில் பட்டப்படிப்பும் அனுமதிப் பத்திரமும் உண்டு, சாதாரண நாரிப்பிடிப்புக்குச் சிலருக்கு ஆறுதலும் கிடைக்கிறது. ஆனால் பலம் குறைந்துவரும் காலை முறுக்கக்கூடாது.

முழுக் காசையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். பற்றுச்சீட்டை வாசித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள். காலோ பாதமோ பலம் குறைந்தால் எவரிடமும் முறுக்கக் கொடுக்காதீர்கள். உட்காரும்போது இருக்கையில் படும் இடம் விறைத்தாலோ, சலம் போகாமல் அடைத்தாலோ, மலசலம் அடக்க முடியாமல் போனாலோ விடியும்வரை காத்திராமல் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இன்னும் எழுத இருந்தது. பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க முடியவில்லை, கால் எரிகிறது.