சாட்ஸ்வர்த் சபையின் சனிக்கிழமைச் சாப்பாடு: மனசு பெரிது, கரண்டி ஒன்று குறைவு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கிறிஸ்தவ சபை நடத்தும் இலவச மதியச் சாப்பாடு இது. கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், எங்குமே போகாதவர் எல்லாரும் ஒரே வரிசை. பெயரோ மதமோ கேட்பதில்லை. பைபிளில் லூக்கா 10-இல், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியனும் கேட்கவில்லை. காயம் கட்டி, சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரி (ரோம வெள்ளிக்காசு) கொடுத்துவிட்டுப் போனான்.

சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட ஒருவகைக் காய்ந்த பீன்ஸ்) கறி அருமை. 5 கிலோ பீன்ஸை முந்தின இரவே ஊறவைக்கிறார்கள். 6 கிலோ அரிசியோடு சுமார் 60 பேருக்குக் காணும். பீன்ஸ் நன்றாக மசிந்த பிறகுதான் தக்காளி போடுகிறார்கள். முன்னால் போட்டால் புளிப்பில் தோல் இறுகி, வேக வெகுநேரம் ஆகும்.

குறை பரிமாறும் மேசையில். கோழிச் சட்டிக்கும் பீன்ஸ் சட்டிக்கும் ஒரே கரண்டி. புரட்டாசி விரதக்காரர் அதைப் பார்த்ததும் சத்தமில்லாமல் வரிசையை விட்டு விலகிவிடுவார். சைவச் சட்டியை வரிசையின் தொடக்கத்தில் வைத்து, அதற்கென்று தனிக் கரண்டி போட்டு, அதன் காம்பில் பச்சைத் துணி கட்டினால் போதும். கோழி ஹலால் முத்திரையோடு வாங்குவது நல்ல முடிவு; அந்த முத்திரை அட்டையை மேசையில் ஒட்டவும் வேண்டும்.

தட்டோடு துண்டுப்பிரசுரம் கொடுப்பதை நிறுத்துங்கள், ஐயா. பசித்தவருக்கு அது சோற்றின் விலையாகத் தெரியும். வாசல் மேசையில் வையுங்கள், விரும்புகிறவர் எடுப்பார்.

சர்க்கரை உள்ளவர்கள் கேட்டால் சோற்றைக் குறைத்து பீன்ஸ் கூட்டித் தருகிறார்கள். மூடியுள்ள டப்பா கொண்டுபோனால் வீட்டிலிருக்கும் முதியவருக்கும் உண்டு.