இரண்டு வருடம், 14 கேசட், 3 ரீடர்

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது கார்டு ரீடரும் உயிரை விட்டது. அன்றைக்குப் பார்த்துத்தான் தேவகோட்டை நண்பன் போன் செய்து, "மாப்ளே, நீ செஞ்சு வச்சிருக்கியே கேம் கேசட்டு, அது மாதிரி என் பையனுக்கும் செய்யலாம்னு இருக்கேன், நல்லா ஓடுதா?" என்று கேட்டான். கடுப்பில் ஏதோ உளறி வைத்தேன். இப்போது ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன், கடுப்பு முழுசாகப் போகவில்லை என்பதை மனதில் வைத்துப் படிக்கவும்.

அமைப்பு இதுதான்: பழைய டிவி கேம் மாதிரி, கேசட்டைச் செருகினால் கேம் தானாகத் திறக்க வேண்டும். எஸ்டி கார்டு, அதற்கு ஒரு கூடு, டிவியோடு இணைத்த பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட். கார்டு உள்ளே போனதும், எது செருகப்பட்டது என்று கவனிக்கும் யூடெவில் நான் எழுதிய விதி ஒன்று, பின்னணியில் வேலை பார்க்கும் சிஸ்டம்டி சர்வீஸை எழுப்பும், அது என் ஸ்கிரிப்டை ஓட்டிக் கேமைத் திறக்கும். முதல் மாதம் ஒரே கேம் இரண்டு தடவை திறந்துகொண்டிருந்தது. டிஸ்க்குக்கு ஒன்று, அதிலுள்ள பார்ட்டிஷனுக்கு (டிஸ்க்கின் பிரிவுக்கு) ஒன்று என்று இரண்டு அறிவிப்பு வரும் என்பது தெரியாமல் நான் லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன், விதியில் ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது.

விண்டோஸில் இதற்குத் தனியாக ஒரு ஸ்கிரிப்ட் காவல் இருக்க வேண்டும், செருகியதும் தானாக ஓடும் வசதியான ஆட்டோரனை அதில் எடுத்துவிட்டார்கள். பிரவுசிங் சென்டரில் பென் டிரைவைச் செருகி எடுத்தாலே ஆட்டோரன் வைரஸையும் சேர்த்து வீட்டுக்குக் கூட்டி வந்த காலம் ஞாபகம் இருக்கும். கான்ஃபிக்கர் என்ற கம்ப்யூட்டர் புழு பரவிய வழிகளில் அதுவும் ஒன்று. அதனால்தான் விண்டோஸ் 7-இல் பென் டிரைவுக்கு ஆட்டோரனை எடுத்தார்கள், 2011-இல் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அப்டேட்டாக அதே வந்தது. நியாயம்தான். அந்தப் பயத்தில் நானும் கார்டில் கேமின் பெயரை மட்டும் ஒரு வரியாக எழுதி வைத்திருக்கிறேன். பெயர் பட்டியலில் இருந்தால்தான் ஸ்கிரிப்ட் திறக்கும், கேம் இருப்பது லேப்டாப்பில். ஆக, கேசட் என்று பெருமையாகச் சொன்னாலும் உள்ளதைச் சொன்னால் அது ஒரு சாவி. எங்கள் வீட்டு முகப்புக் கதவுச் சாவியை விடக் கொஞ்சம் பெரிய சாவி.

ஆனால் கையில் எடுத்தால் இதெல்லாம் மறந்துவிடும். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவில் கதவுக் குமிழ் தேடப் போனபோது, எனாமல் தூக்குக்கும் மரவைக்கும் நடுவே ஒரு பை நிறையச் செத்துப்போன பழைய டிவி கேம் கேசட் கிடந்தது, மஞ்சள் பிளாஸ்டிக், லேபிளில் 'லட்சம் கேம்' வகைப் புளுகு. உள்ளிருந்த போர்டைக் கழற்றிவிட்டு கார்டை வைத்து எம்-சீல் போட்டேன். செருகும் பெட்டியை இடித்த வீட்டு பர்மா தேக்குத் துண்டில் ஆசாரி செய்து கொடுத்தார். 'டொக்' என்று உட்காரும் அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம். மவுஸ் என்றால் என்னவென்று தெரியாத என் அப்பத்தா, அக்கா மகனுக்குத் தானே கேசட்டைச் செருகி சூப்பர்டக்ஸ்கார்ட் ரேஸ் கேம் போட்டுக் கொடுக்கிறார்.

சரி, இனி வயிற்றெரிச்சல். 'டொக்' சத்தத்துக்கும் திரையில் ஏதாவது வருவதற்கும் நடுவே ஆறேழு நொடி. பழைய கேசட்டில் இந்தப் பேச்சே இல்லை, அதிலிருந்த ராம் சிப் நேராகப் பிராசசரோடு கம்பியில் பேசும், சுவிட்சைப் போட்டால் கேம். (ராம் இல்லை, ரோம், கேம் அழியாமல் பதிந்திருக்கும் சிப். கடுப்பில் கை தவறுகிறது.) என் பெட்டியில் கார்டு வந்திருக்கிறதா என்று லினக்ஸின் மையமான கெர்னல் இரண்டு நொடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும், அப்புறம் கார்டு படிக்கத் தயாராக இணைய (மவுன்ட் ஆக) வேண்டும், அப்புறம் கேம் தன் பங்குக்கு மூச்சு வாங்கும். எட்டிப் பார்ப்பதை அரை நொடிக்குக் குறைத்துவிட்டேன், மீதியை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த ஆறு நொடி மனிதனால் சும்மா இருக்க முடியாது. கேசட்டை உருவுவான், வாயருகே கொண்டுபோய் 'உஃப்' என்று ஊதுவான், மறுபடி குத்துவான். சின்னப் பையன் அல்ல, வீட்டுக்கு வருகிற நாற்பது வயது ஆட்கள்! தொண்ணூறுகளில் படிந்த பழக்கம். ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் உலோகப் பின்கள் அரிக்கும் என்று நின்டெண்டோவே சொன்ன விஷயம் இது. அக்கா மகனுக்கு ஊதத் தெரியாமல்தான் இருந்தது, எங்கள் மாமா ஒருவர் பொறுப்பாகக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். செத்த மூன்று ரீடரையும் பிரித்துப் பார்த்தேன், மூன்றிலும் உள்ளிருக்கும் உலோகப் பின்கள் வளைந்திருந்தன.

என்னென்னவோ செய்தேன். 'டிங்' சத்தம் வைத்தேன், யாரும் மதிக்கவில்லை. திரையில் 'பொறு' என்று போட்டேன், பையனுக்கு அப்போது எழுத்துக்கூட்டவே தெரியாது. கடைசியில் அப்பத்தா குரலில் "இருடா, வருது" என்று போனில் பதிந்து, கார்டு தெரிந்த அடுத்த கணமே ஒலிக்கும்படி ஸ்கிரிப்டில் சேர்த்தேன். பையன் டிவியைப் பார்த்து "சரி அப்பத்தா" என்று கையைக் கட்டிக்கொண்டான். இந்த இரண்டு வருடத்தில் உருப்படியாக நான் செய்தது அந்த ஒன்றுதான். பெரியவர்கள் மட்டும் அதையும் கேட்டுச் சிரித்துவிட்டு உருவி ஊதுகிறார்கள்.

தேவகோட்டைக்காரனுக்குப் பதில்: செய்யாதே. பையனுக்கு டெஸ்க்டாப்பில் பெரிய ஐகானாக ஒன்று வைத்துக் கொடு. மீறிச் செய்வாயானால் ரீடரைப் பெட்டியில் ஒட்டித் தொலைக்காதே, ஸ்க்ரூ போடு. நான் அதற்கும் எம்-சீல் வைத்திருந்தேன், நாலாவது ரீடரை வைக்க இப்போது தேக்கை உளியால் குடைந்துகொண்டிருக்கிறேன்.