மீன் காட்டும் பெட்டி என்று வாங்கினேன், தரை காட்டும் பெட்டியாக இருந்தது

ஏரியில் மீன் பிடிக்க நான் வைத்திருப்பது ஃபிஷ் ஃபைண்டர், அதாவது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைத் திரையில் படமாகக் காட்டும் பெட்டி. முதலில் வாங்கியது இது இல்லை. தூண்டிலோடு சேர்த்து எறிகிற பந்து மாதிரி ஒன்றைத்தான் முதலில் வாங்கினேன். தண்ணீரில் மிதந்துகொண்டே கீழே இருப்பதை செல்போனுக்கு அனுப்பும் என்றார்கள். அனுப்பியது, சிற்றலை கூட இல்லாத நாட்களில் மட்டும். கொஞ்சம் காற்றடித்தால் பந்து ஆடும், அது ஆட ஆடத் தட்டையான ஏரித்தரை மேடும் பள்ளமுமாகத் தெரியும், அலை நடுவில் மறைத்தால் இணைப்பும் போய்விடும், ஏனென்றால் வைஃபை சிக்னல் தண்ணீருக்குள் புகுந்து வராது. வெயிலில் போன் திரையைப் பார்க்கத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரையிலிருந்து மட்டும் மீன் பிடிப்பவர்களுக்கு வேறு வழியில்லை, பந்துதான் சரி. படகோ கயாக்கோ இருந்தால் அது வேண்டாம்.

இரண்டாவதாக வாங்கியதுதான் கார்மின் ஸ்ட்ரைக்கர் 4. மூன்றரை அங்குலத் திரை, டச் கிடையாது, எல்லாம் பட்டன். ஜிபிஎஸ் உண்டு, ஆனால் வரைபடம் இல்லை, நல்ல இடம் கிடைத்தால் புள்ளி குத்தி வைத்துக்கொண்டு அடுத்த முறை அங்கேயே வந்து நிற்கலாம். ஏரிக்கு அது போதும் என்பது என் கணக்கு. ஈரக்கையோடு, புழு நாற்றத்தோடு அமுக்குவதற்குப் பட்டன்தான் நல்லது.

வாங்கும்போது எல்லோரும் திரை எத்தனை அங்குலம் என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது உயரவாக்கில் எத்தனை பிக்சல் என்பது. இதில் மேலிருந்து கீழாக 480. பத்து மீட்டர் ஆழத்தைத் திரை முழுக்கக் காட்டினால் ஒரு பிக்சல் சுமார் 2 சென்டிமீட்டர். அதே ஆழத்துக்கு 240 பிக்சல் மட்டும் இருந்தால் 4 சென்டிமீட்டர், தரையை ஒட்டிப் படுத்திருக்கும் மீனும் தரையும் ஒரே கோடாகிவிடும். திரை பெரிதாக இருந்து பிக்சல் குறைவாக இருந்தால் அதே மங்கலைப் பெரிதாகப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அடுத்தது கூம்பு. ட்ரான்ஸ்டியூசர் என்பது பெட்டியோடு ஒயரில் இணைந்து தண்ணீருக்குள் இருக்கும் பாகம், அது ஒலியை டார்ச் வெளிச்சம் மாதிரி விரித்து அனுப்புகிறது. இதோடு வரும் ட்ரான்ஸ்டியூசரில் 200 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் ஒலியில் கூம்பு சுமார் 15 டிகிரி, 77 கிலோஹெர்ட்ஸில் 45. அதாவது 6 மீட்டர் ஆழத்தில் குறுகிய கூம்பு தரையில் ஒன்றரை மீட்டர் அகல வட்டத்தைத்தான் பார்க்கிறது, அகலக் கூம்பு ஐந்து மீட்டரை. ஒரு மீட்டர் தண்ணீரில் குறுகிய கூம்பு பார்க்கிற இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு! இரண்டு மீட்டருக்குள் மட்டுமே மீன் பிடிப்பவர்கள் எந்த ஃபிஷ் ஃபைண்டருக்கும் செலவு செய்யாதீர்கள், கண்ணும் ஒரு நீளக் கம்பும் போதும். நான் தேடும்போது அகலக் கூம்பும், நங்கூரம் போட்ட பிறகு குறுகியதும் வைத்துக்கொள்கிறேன்.

சரி, மாட்டுவது. இதில்தான் ஒரு முழு நாளைத் தொலைத்தேன். ட்ரான்ஸ்டியூசரைப் படகின் பின்பலகையில் மோட்டாருக்குப் பக்கத்திலேயே மாட்டினேன், இடம் வசதியாக இருந்தது. படகு நகர ஆரம்பித்ததும் ஆழம் மின்னி மின்னி மறைந்தது. விசிறி கிளப்பும் நுரைக்குள் ட்ரான்ஸ்டியூசர் மாட்டிக்கொண்டால் ஒலி காற்றுக்குமிழைத் தாண்டிப் போகாது. ஒன்றரை அடி தள்ளி, அடிப்பலகைக்குக் கொஞ்சம் கீழே, முகம் நேராகத் தரையைப் பார்க்கும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது. பேட்டரிக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் சின்ன ஈயப் பேட்டரி ஒரு நாளைக்குத் தாராளம், ஆனால் அதை அடியோடு காலி செய்யாதீர்கள், சீக்கிரம் செத்துவிடும். பேட்டரிக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் போட மறக்க வேண்டாம்.

இனி செட்டிங். முதல் வேலை, மீன் சின்னத்தை அணையுங்கள். எந்தப் பெட்டியாக இருந்தாலும் அது ஒரு யூகம்தான், தண்ணீருக்குள் மிதக்கிற பாசித் துண்டு, சேற்றிலிருந்து கிளம்பும் குமிழி எல்லாவற்றுக்கும் ஒரு மீன் பொம்மை வரைந்துவிடும். பொம்மை இல்லாமல் வருகிற வளைவுகளைப் படிக்கப் பழகுங்கள். மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் அதிகம், நடுவில் வரும்போது குறைவு, வெளியேறும்போது மறுபடி அதிகம், அதனால்தான் வில் மாதிரி வருகிறது. அரை வில் வந்தால் ஓரமாகப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இங்கே ஒரு அசட்டுத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். நங்கூரம் போட்டு உட்கார்ந்திருந்தபோது திரையில் பாதி நீளத்துக்குத் தடித்த கோடு வந்தது, இரண்டு கை நீள மீன் என்று நினைத்துத் தூண்டில் முள்ளையே பெரிதாக மாற்றினேன். திரையில் இடமிருந்து வலம் என்பது நீளம் இல்லை, நேரம். வலது ஓரம் இந்த நொடி, மற்றதெல்லாம் பழசு. படகும் மீனும் நகராமல் இருந்தால் விரல் நீள மீன் கூட முழத்துக்குக் கோடு போடும். பெரிய மீனா என்று தெரிய வேண்டுமென்றால் கோட்டின் தடிமனைப் பாருங்கள், அதையும் முழுசாக நம்பாதீர்கள்.

சென்சிட்டிவிட்டி, அதாவது எவ்வளவு மெல்லிய எதிரொலி வரை திரையில் காட்ட வேண்டும் என்பது, ஆட்டோவில் மோசமில்லை, ஆனால் மேனுவலில்தான் விஷயம் இருக்கிறது. திரை முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குப்பை வரும்வரை ஏற்றுங்கள், பிறகு ஒவ்வொரு படியாக இறக்குங்கள், குப்பை பெரும்பாலும் போனதும் நிறுத்துங்கள். சரியாக நிறுத்தினோமா என்று பார்க்க, ஈயக்குண்டை ட்ரான்ஸ்டியூசருக்கு நேர் கீழே இறக்குவேன். குண்டு இறங்க இறங்க வலப்பக்கமாகச் சாய்ந்த கோடு ஒன்று கீழே போகும், தரையைத் தொட்டதும் முடியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது மீன் பிடித்த அளவு சந்தோஷம். குண்டு தெரியவில்லை என்றால் இன்னும் இரண்டு படி ஏற்ற வேண்டும். ஆழ அளவையும் கையாலேயே வைத்துவிடுங்கள், 7 மீட்டர் ஏரிக்கு 9 போதும், ஆட்டோவில் விட்டால் படம் சின்னதும் பெரிதுமாகக் குதிக்கும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் தரை பேச ஆரம்பித்தது. கெட்டியான தரை, கல், சரளை என்றால் கோடு பளிச்சென்று தெரியும், சென்சிட்டிவிட்டி கூடுதலாக இருந்தால் இரண்டு மடங்கு ஆழத்தில் இன்னொரு தரையே வரும், தரையில் பட்டு வந்த ஒலி நீர்ப்பரப்பில் மோதி மறுபடி தரைக்குப் போய் வந்தது அது. சேறு என்றால் மங்கலாக, சாயம் ஊறிய மாதிரி இருக்கும். சேறு முடிந்து கல் ஆரம்பிக்கிற ஓரத்தில் ஒரு புள்ளி குத்தினேன், இதுவரை அதிகம் கொத்தியது அங்கேதான். திரையில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு மீன் கூடத் தெரியாது.

இன்னொன்று, ட்ரான்ஸ்டியூசர் ஒயர் படகுக்கு அதிக நீளமாகத்தான் இருக்கும், வெட்டிவிடாதீர்கள், சுருட்டிக் கட்டி வையுங்கள்.