மாண்டிசோரி 6–9 வகுப்பறை: மூன்று வருடமும் முடித்தபின் ஒரு அனுபவப் பகிர்வு

என் மகள் மாண்டிசோரி பள்ளியின் கீழ் ஆரம்ப வகுப்பை இந்த வருடம் முடித்துவிட்டாள். ஆறு வயதிலிருந்து ஒன்பது வரை ஒரே அறை, ஒரே ஆசிரியை. இந்த வகுப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சேர்த்த புதிதிலேயே எழுதிவிடுகிறார்கள். அலமாரி, வண்ண மணிகள், பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் என்று படங்கள் அழகாக இருக்கும். மூன்று வருடமும் ஓட்டி முடித்தவர்கள் எழுதுவது குறைவு, அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன். என் கருத்து இதுதான்: கலப்பு வயது வகுப்பின் பலன் மூன்றாம் வருடத்தில்தான் முழுசாகத் தெரிகிறது. அதற்கு முன் இரண்டாம் வருடம் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை.

பின்னணி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கியது சின்னக் குழந்தைகளுக்கான இல்லம். மாண்டிசோரி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவதும் அந்த 3–6 வகுப்புதான்: ஆளுக்கொரு வேலை, அமைதி, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது. அதே காட்சியை 6–9 அறையில் தேடினால் ஏமாற்றம்தான். ஆறு வயதுக்கு மேல் பிள்ளைகளுக்குக் கூட்டாளி வேண்டும், எதற்கும் காரணம் வேண்டும், நியாயம் பேச வேண்டும். மாண்டிசோரியே 6–12 வயதைத் தனிப் பருவமாகத்தான் பார்த்தார். 1939 முதல் 1946 வரை இந்தியாவில் இருந்தபோது, குறிப்பாகக் கொடைக்கானலில் மகன் மாரியோவுடன் வேலை செய்த காலத்தில்தான், இந்த வயதுக்கான பாடமுறை பெருமளவு உருவானது. ஆக, அறையில் சத்தம் இருக்கும். முதல் தடவை பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தபோது நடப்பது வகுப்பா, இடைவேளையா என்றே எனக்குப் பிடிபடவில்லை.

காலையில் வந்ததும் மூன்று மணி நேரம் இடைவிடாத வேலை நேரம். மணி அடிக்காது, பாடவேளை மாறாது. ஆசிரியை இரண்டு மூன்று பேரை மட்டும் கூப்பிட்டு ஒரு பாடத்தைச் சுருக்கமாகக் காட்டுவார். மற்றவர்கள் அவரவர் வேலையில் இருப்பார்கள். எதை எப்போது தொடங்கினோம், எப்போது முடித்தோம் என்று ஒவ்வொருவரும் தன் நோட்டில் எழுதிவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை அந்த நோட்டோடு ஆசிரியையின் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். மதிப்பெண் கிடையாது, தேர்வு கிடையாது. மதியம் வாசிப்பு, பாட்டு, விளையாட்டு என்று போகும், அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கலப்பு வயது என்றால் நடைமுறையில் என்ன என்பதற்கு நான் பார்த்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஸ்டாம்ப் கேம் என்று ஒரு பெட்டி. சின்னச் சின்னச் சதுர வில்லைகள்: ஒன்று பச்சை, பத்து நீலம், நூறு சிவப்பு, ஆயிரம் மறுபடியும் பச்சை. முதல் வருடப் பையன் ஒருவன் 3002-இலிருந்து 1456-ஐக் கழித்துக்கொண்டிருந்தான். ஒன்றின் இடத்தில் இரண்டு வில்லைதான், ஆறை எடுக்க வேண்டும். பத்தும் இல்லை, நூறும் இல்லை. அவன் யோசிக்கவே இல்லை. ஆயிரத்தில் ஒரு பச்சையை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, பத்துப் பச்சை ஒன்றுகளை எடுத்து வைத்தான். பச்சைக்குப் பச்சை, கணக்கு சரி.

பக்கத்துப் பாயில் இருந்த மூன்றாம் வருடப் பெண் இதைப் பார்த்துவிட்டாள். தப்பு என்று சொல்லவில்லை. எழுந்து போய்ப் பொன்மணி அலமாரியிலிருந்து ஆயிரம் மணிகள் கோத்த கனசதுரத்தையும் பத்து ஒற்றை மணிகளையும் கொண்டுவந்தாள். கனசதுரத்தை ஒரு கையிலும் மணிகளை மறு கையிலும் வைத்து, “இதைக் கொடுத்துட்டு அதை வாங்கிக்கறியா?” என்று கேட்டாள். பையன் கனசதுரத்தைப் பார்த்தான், மணிகளைப் பார்த்தான், “இல்லக்கா, ஏமாத்தறீங்க” என்றான். அப்புறம் அவனே ஆயிரத்தைப் பத்து நூறாக்கி, அதில் ஒரு நூறைப் பத்துப் பத்தாக்கி, அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றாக்கினான். விடை 1546. அந்தப் பெண் அதற்குள் தன் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

எந்தப் பெரியவருக்கும் அந்த இடத்தில் நிறம்தான் குழப்புகிறது என்று சட்டென்று தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே. அவளுக்குத் தோன்றியதற்குக் காரணம், இரண்டு வருடம் முன்னால் அவளும் அதே பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள் என்பதுதான். கலப்பு வயது வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் லாபம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் பார்த்த அளவில் பெரிய பிள்ளைக்குத்தான் லாபம் அதிகம். இன்னொருவருக்குப் புரியவைக்கும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்று தெரிகிறது. எல்லாப் பெரிய பிள்ளைகளும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வில்லைகளைப் பிடுங்கித் தானே போட்டு முடித்துவிட்டு “அவ்ளோதான்” என்று போகிற அண்ணன்களும் உண்டு. அதைக் கவனித்துத் திருத்தும் ஆசிரியை இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு வெறும் நாட்டாமையாகிவிடும்.

சரி, இரண்டாம் வருடத்துக்கு வருகிறேன்.

முதல் வருடத்தில் எல்லாமே புதிது. மூன்றாம் வருடத்தில் அறையே உங்களுடையது. நடுவில் இருக்கிற பிள்ளைக்கு இரண்டும் இல்லை. புதிதாக வந்த சின்னவர்கள் ஆசிரியையின் நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் வருடத்தினர் சோதனைக்குழாய்களில் மணிகளைக் கொட்டி நெடுவகுத்தல் செய்கிறார்கள், சின்னவர்கள் அவர்களைத்தான் வாய் பார்க்கிறார்கள். போதாததற்கு, என் மகளின் நெருங்கிய தோழி ஒருத்தி வயது முடிந்து 9–12 வகுப்புக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு வருட முடிவிலும் அறையில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள் என்பது சேர்க்கும்போது நமக்குக் கணக்காகத் தெரியும். பிள்ளைக்கு அது தோழியின் காலி இடம்.

அந்த வருடம் அவளுடைய நோட்டைப் புரட்டினால் வரைபடம், வரைபடம், ஆயிரம் மணிச் சங்கிலி, வரைபடம், வடிவியல், வரைபடம் என்று போகும். எழுத்து வேலை கண்ணில் படாது. கண்டங்களை வண்ணம் தீட்டுவதில் கில்லாடி, நான்கு வாக்கியம் எழுதச் சொன்னால் பென்சில் சீவப் போய்விடுவாள். விருப்பப்பட்ட வேலையைச் செய்யலாம் என்ற சுதந்திரத்தின் பின்பக்கம் இது. தவிர்க்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்த அறையில் தவிர்க்க இடம் நிறைய. வாராந்திரப் பேச்சில் ஆசிரியை இதைக் கண்டுபிடித்து, வாரத்துக்கு இவ்வளவு எழுத்து என்று அவளோடு சேர்ந்தே ஒரு அளவு வைத்தார். அதை அவள் ஒப்புக்குச் செய்தாள், அவ்வளவுதான். வழக்கமான பள்ளிகளில் படிக்கும் அதே வயதுப் பிள்ளைகள் பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். பள்ளியை மாற்றலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் நடந்தது அந்த வருடம்தான். எனக்குத் தெரிந்த வேறு சிலர் மாற்றியதும் அந்த வருடம்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் நடக்காத மாதிரிதான் இருக்கும்.

அவளை எழுத வைத்தது கடைசியில் ஆசிரியையும் இல்லை, நாங்களும் இல்லை. அந்த வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஐந்து பெரிய கதைகள் சொல்வார்கள்: பிரபஞ்சம் தோன்றியது, உயிர்கள் வந்தது, மனிதர் வந்தது, எழுத்து பிறந்தது, எண் பிறந்தது. மூன்று வருடம் இருக்கும் பிள்ளை ஒவ்வொரு கதையையும் மூன்று தடவை கேட்கும். முதல் தடவை கதையோடு காட்டும் எரிமலை மாதிரியைப் பார்த்து வாய் பிளக்கும். இரண்டாம் தடவைதான் கேள்வி கேட்கும். உயிர்கள் கதைக்குப் பிறகு மூன்று நான்கு பேர் சேர்ந்து தொல்லுயிர்களைப் பற்றி ஒரு பெரிய தாள் தயாரித்தார்கள். இவள் படம் வரைகிறேன் என்றாள். மூன்றாம் வருடக் கூட்டாளி ஒருத்தி, “படம் எல்லாரும்தான் வரையறோம், டிரைலோபைட் பத்தி எழுதறது உன் பங்கு” என்று சொல்லிவிட்டாள். எழுதிக் கொடுத்தாள். “உன் கையெழுத்து எங்களுக்கே புரியல, இதை எப்படி ஒட்டறது?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுபடி எழுதினாள், வீட்டுக்கு வந்து புலம்பிக்கொண்டே இன்னொரு தடவையும் எழுதினாள். நாங்கள் கெஞ்சியபோது நடக்காதது எட்டரை வயதுக்காரி முகம் சுளித்தபோது நடந்தது.

இலக்கணக் குறிகளும் அந்தச் சமயத்தில் அவளுக்கு உதவின. பெயர்ச்சொல்லுக்குப் பெரிய கறுப்பு முக்கோணம், வினைச்சொல்லுக்குச் சிவப்பு வட்டம் என்று வாக்கியத்தின் தலைக்கு மேல் வைத்துக்கொண்டே போவார்கள். வரைவதில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு வாக்கியமும் ஒரு வடிவமாகத் தெரிய ஆரம்பித்தது. எழுத்துப்பிழை மட்டும் போகவில்லை, இன்னும் இருக்கிறது.

எழுத்துப்பிழை பற்றிக் கவலைப்பட்டபோது 2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வைப் படித்தேன். அமெரிக்காவின் மில்வாக்கியில், குலுக்கலில் மாண்டிசோரிப் பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காமல் வேறு பள்ளிகளுக்குப் போனவர்களையும் ஒப்பிட்டிருந்தார்கள். 12 வயதில் மாண்டிசோரிப் பிள்ளைகளின் கட்டுரைகளில் கற்பனையும் வாக்கிய அமைப்பும் மேலாக இருந்தன. எழுத்துக்கூட்டலிலும் நிறுத்தக்குறியிலும் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு இதில் பட்டது வேறு: அவர்கள் அளந்தது 5 வயதையும் 12 வயதையும். எங்கள் வீட்டில் சண்டை நடந்த ஏழு, எட்டு வயது அதில் இல்லவே இல்லை.

மூன்றாம் வருடம் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. வகுத்தல் குழாய்கள் அவள் கைக்கு வந்தன. யாராவது சின்னவர் தவித்தால் போய் உட்கார்ந்தாள். வாரத் திட்டத்தைத் தானே போட்டாள், அதில் பிடிக்காத வேலையை முதலில் வைக்கவும் கற்றுக்கொண்டாள். பள்ளிக்கு வெளியேயும் இது தெரிந்தது: எந்த வயதுக்காரரோடும் கூச்சமில்லாமல் பேசுகிறாள், தெரியாததைத் தெரியாது என்கிறாள்.

குறைகளில் முக்கியமானது, எல்லாம் ஒரே ஒரு ஆசிரியையைச் சார்ந்திருப்பது. அவர் நடுவில் விலகினால் மூன்று வருடத் தொடர்ச்சியும் போச்சு. எங்களுக்கு அது நடக்கவில்லை, இணை வகுப்பில் நடந்தது, பிள்ளைகள் மாதக்கணக்கில் திணறினார்கள். அடுத்தது, பெற்றோருக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பது. பிள்ளையிடம் கேட்டால் “வேலை செஞ்சேன்” என்பதோடு முடிந்துவிடும். நேரம் வைத்து எழுதும் தேர்வு என்பது என்னவென்றே பழக்கமில்லை, வேறு பள்ளிக்கு மாறினால் முதல் சில மாதம் அதில் அடி வாங்கும். ஒவ்வொரு உபகரணமும் அறையில் ஒன்றுதான் என்பதால் காத்திருக்க வேண்டும். இது வேண்டுமென்றே செய்வது, எனக்கு இதில் புகார் இல்லை, அவளுக்கு நிறைய உண்டு.

சேர்க்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அதனால் அறைக்குள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆறு, ஏழு, எட்டு வயதினர் உண்மையிலேயே ஒரே அறையில் இருக்கிறார்களா, இல்லை உபகரணங்களை வைத்துக்கொண்டு வருடவாரியாகப் பிரித்திருக்கிறார்களா? மூன்று மணி நேரத்தை நடுவில் வேறு வகுப்புகள் வெட்டுகின்றனவா? ஆசிரியைக்கு 6–12 வயதுக்கான பயிற்சி உண்டா? 3–6 பயிற்சி வேறு, இது வேறு. பார்க்கும்போது கண் தானாக அழகாக வேலை செய்யும் பெரிய பிள்ளைகள் மேல் போகும். அவர்களை விடுங்கள், நடு வருடப் பிள்ளை ஒன்றைத் தேடிப் பிடித்து அரை மணி நேரம் கவனியுங்கள். அந்தப் பிள்ளை சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் அதுகூடப் பரவாயில்லை. ஆனால் அது ஆசிரியையின் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள்.

மகள் அதே பள்ளியில் 9–12 வகுப்புக்குத்தான் போகிறாள். எழுத்துப்பிழைக்கு வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.