டெபியன் 13-இல் கேவிஎம்மா, விர்ச்சுவல்பாக்ஸா?

மதுரையில் கல்லூரி லேப் பார்த்துக்கொள்கிறவர்கள் டெபியன் 13 லினக்ஸுக்கு மாறுவதாக இருந்தால், ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்ட, கேவிஎம், விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இரண்டு மென்பொருள்களில் என் ஓட்டு கேவிஎம்முக்குத்தான். 2007 முதல் அது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸைப் போல, கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் தனி மாட்யூலை (கெர்னலோடு சேரும் துணை நிரல்) திரும்பக் கட்ட வேண்டியதில்லை. மாணவர் எல்லாருடைய மெய்நிகர் கணினியிலும் ஒரே இயங்குதளம்தானே? கெர்னலில் உள்ள கேஎஸ்எம் என்ற வசதியை இயக்கிவிட்டால், அது ஒரே மாதிரியான நினைவகப் பக்கங்களை ஒன்றாக்கி ராமை மிச்சப்படுத்தும். 8 ஜிபியோடு மல்லுக்கட்டும் நம்மூர் லேபுகளுக்கு இது பெரிய விஷயம். சிபியு கொஞ்சம் செலவாகும், பரவாயில்லை.

விர்ச்சுவல்பாக்ஸ் பழக எளிது. வீட்டு விண்டோஸ் லேப்டாப்பிலும் அதே மெனு. ஆனால் டெபியன் 13-இல் வரும் கெர்னல் 6.12-இல் கேவிஎம் மாட்யூல் ஏறியதுமே பிராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதியைப் பிடித்துக்கொள்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் மெஷின் கிளம்பாமல் நின்றால், முதலில் கேவிஎம் மாட்யூலை இறக்கிப் பாருங்கள்.